நோட்டின் வலது பக்கம்: தவக்காலம் இருப்பது எப்படி?

ஈஸ்டருக்கு முந்தி நாங்கள் கிறிஸ்தவர்கள் இருக்கும் நாற்பது நாள் நோன்புக் காலம்தான் தவக்காலம். தவக்கால வெள்ளிகளில் இறைச்சி சாப்பிடக்கூடாது என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்தான். "நெய்மீன் வாங்கிப் பொரித்துச் சாப்பிட்டால் சுத்தபோசனம். நேற்று மிஞ்சிய கோழிக் குழம்பைத் தொட்டுக்கொண்டால் பாவம். அப்படித்தானே டீச்சர்?" வகுப்பே சிரித்தது. நான் அவனை உட்காரச் சொன்னேன். விடை தெரியாத ஆசிரியர்களுக்கு எப்போதும் கைகொடுக்கும் பதில் அது.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், முட்டத்துக்கு மேற்கே ஒரு கடற்கரைக் கிராமம். இங்கே இறைச்சியை விடுவது யாருக்கும் பெரிய காரியம் இல்லை. காலையில் வள்ளங்கள் கரை சேர்ந்தால் சாளை, அயிலை, வாளை, அதிர்ஷ்டம் இருந்தால் நெய்மீன். ஆட்டிறைச்சி கல்யாணத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும்தான். ஆகவே தவக்கால வெள்ளிகளில் மற்ற நாட்களைவிடத் தாராளமாகவே தெருவில் மீன் பொரியும் வாசனை வரும். திருச்சபைச் சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. மீன் இறைச்சிக் கணக்கில் சேராது. அந்தப் பையன் சட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் என் அக்காள் மகள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். "சித்தி, இந்த வருடம் தவக்காலத்தை ஒழுங்காக இருக்கலாம் என்று நினைக்கிறேன். என்ன செய்யவேண்டும் என்று வரிசையாகச் சொல்லுங்கள்" என்று போனில் கேட்டாள். வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்கிறேன்.

சட்டம் கேட்பது மிகக் கொஞ்சம்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள். ஒருசந்தி வேறு, சுத்தபோசனம் வேறு. இப்போது கோயிலில் உண்ணாநோன்பு, இறைச்சி தவிர்த்தல் என்று அறிவிக்கிறார்கள். நான் பழைய ஞானோபதேசத்தில், அதாவது அந்தக் கால மறைக்கல்வியில் படித்த சொற்களையே வைத்துக்கொள்கிறேன். சுத்தபோசனம் என்றால் இறைச்சியை விலக்குவது. தவக்காலத்தின் எல்லா வெள்ளிக்கிழமைகளுக்கும், தவக்காலம் தொடங்கும் நாளான திருநீற்றுப் புதனுக்கும் இது பொருந்தும். 14 வயது நிறைந்தவர்கள் எல்லாரும், சாகும்வரை. ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு முழுச் சாப்பாடு. அதோடு காலையிலும் மாலையிலும் கொஞ்சம் சாப்பிடலாம், அந்த இரண்டும் சேர்ந்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு வரக்கூடாது. தண்ணீருக்குத் தடை இல்லை. இது வருடத்தில் இரண்டே நாள்தான்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வயது நிறையும்வரை.

அவ்வளவுதானா என்று கேட்பாய். அவ்வளவுதான். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி ஞாயிறு தவிரத் தவக்காலத்தின் எல்லா நாட்களும் ஒருசந்தி நாட்களாக இருந்தன. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை மாற்றினார். 1983-இல் வந்த இன்றைய சட்டத் தொகுப்பும் அந்த வழியில்தான் நிற்கிறது. சட்டத்தைக் குறைத்தது, மீதியை நீயே தேர்ந்துகொள் என்று நம் கையில் விட்டதுதான். பலர் அதை, மீதி தேவையில்லை என்று வாசித்துவிட்டார்கள்.

எனக்கு 62 வயது. மூன்று வருடங்களாகச் சட்டம் என்னை ஒருசந்தியிலிருந்து விட்டுவிட்டது. அந்த முதல் வருடம் விடுதலை போலத் தோன்றவில்லை. பஸ்ஸில் யாரோ எழுந்து நமக்கு இடம் கொடுக்கும்போது வருமே ஒரு சுருக், அது வந்தது. இன்னும் ஒருசந்தி இருக்கிறேன், ஆனால் சர்க்கரைக்கு மாத்திரை போடுவதால் டாக்டரைக் கேட்டு, வேளை தவறாமல், அளவைக் குறைத்து. நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளை உண்டானவர்கள், பால் கொடுப்பவர்கள், நோயாளிகள், வெயிலில் மூட்டை தூக்குகிறவர்கள், இவர்களை யாரும் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. மயங்கி விழுந்து நாலு பேரைத் தூக்க வைப்பதில் புண்ணியம் ஒன்றும் சேராது.

நாற்பது நாள் கணக்கு எப்படி என்று எல்லாரும் ஒரு தடவை குழம்புவார்கள். திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்துவிடு. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், தவக்காலத்திலும் அது நோன்பு நாள் ஆகாது. இன்னொரு விதிவிலக்கும் உண்டு: வெள்ளிக்கிழமையில் பெருவிழா, அதாவது திருச்சபையின் மிக உயர்ந்த வகைத் திருநாள் வந்துவிட்டால் அன்று சுத்தபோசனக் கடமை இல்லை. 2022-இல், வானதூதர் மரியாவுக்கு மங்களச் செய்தி சொன்னதைக் கொண்டாடும் மங்கள வார்த்தைப் பெருவிழாவான மார்ச் 25 வெள்ளிக்கிழமையில் வந்தது. அன்று கோழி சாப்பிடலாம் என்று நான் சொன்னதை என் கணவர் கடைசிவரை நம்பவில்லை. பயறு தொட்டுக்கொண்டுதான் சாப்பிட்டார்.

எதை விடுவது

இதில்தான் நான் அதிகமாகத் தடுமாறியிருக்கிறேன், அதனால் நீளமாகச் சொல்கிறேன்.

ஒரு வருடம் சாயாவை விட்டேன். நாளுக்கு ஐந்து தடவை குடிப்பவள். முதல் நாள் தலைவலி, இரண்டாம் நாள் தலைவலியோடு கோபம். நாலாம் நாள் பள்ளியில் ஏழாம் வகுப்பு முழுவதையும் வெயிலில் நிற்க வைத்துவிட்டேன், காரணம் இப்போது நினைவில்கூட இல்லை. இரண்டாவது ஞாயிறு என் கணவர் ஒரு டம்ளர் சாயாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "நீ தவம் இருக்கவில்லை, நாங்கள்தான் இருக்கிறோம்" என்றார். குடித்துவிட்டேன். எதை விடுவதானாலும் அதன் வலி யார் தலையில் விழும் என்று முதலில் பார். வீட்டில் இருப்பவர்கள் தலையில் விழுவதானால் வேறொன்றைத் தேடு.

மறு வருடம் இனிப்பை விட்டேன். அதில் ஒரு சுகமும் இல்லை, துக்கமும் இல்லை. எனக்கு இனிப்பே பிடிக்காது. ஆண்டவரிடம் செல்லாத நோட்டைக் கொடுத்தது போலத்தான்.

பிறகுதான் அந்தப் பையனின் கேள்வி திரும்பி வந்தது. கடற்கரைக்காரிக்குச் சுத்தபோசனம் என்றால் மீனை விடுவதுதானே? புதன், வெள்ளி இரண்டு நாளும் மீன் இல்லை என்று முடிவு செய்தேன். சோறு, பயறு, தேங்காய்த் துவையல். நன்றாகவே போனது. மூன்றாவது வாரம் எங்களுக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் அம்மாள் வாசலில் கூடையை இறக்கி வைத்தார். இன்றும் வேண்டாம் என்றேன். அவர் தலைத்துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "டீச்சரம்மா, ஆண்டவருக்காக நீங்கள் மீனை விட்டீர்கள். அது என் கூடையில் அப்படியே கிடக்கிறதே."

எங்கள் தெருவில் மீன்பிடிக்காத வீடுகள் ஏழு. ஆசிரியர்கள், ஒரு நர்ஸ், வெளிநாட்டுப் பணத்தில் இருப்பவர்கள். அவரிடம் காசு கொடுத்து வாங்குவது நாங்கள்தான். என்னைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டார் மீனை விட்டிருந்தார்கள், நான்தான் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். மிஞ்சிய மீனை ஐஸ் போட்டு வைத்தால் மறுநாள் பாதி விலைக்குத்தான் போகும். எங்கள் மூன்று வீட்டுத் தவத்துக்கு அந்த அம்மாள் கூலி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து புதன், வெள்ளிகளில் வழக்கமாக வாங்கும் அளவு மீனை வாங்குகிறேன். வாங்கி, செதில் உரசி, குடல் எடுத்து, மஞ்சளும் உப்பும் போட்டு அலசி, வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன். பால்சுறா கிடைத்தால் பிள்ளை பெற்ற பெண் இருக்கும் வீட்டுக்கு. புட்டு வைத்துக் கொடுத்தால் பால் ஊறும் என்பார்கள். சாளையானால் தெற்குத் தெருவில் கால் விளங்காமல் கிடக்கும் ஒரு பெரியவருக்கு. அவருக்கு நோன்பும் இல்லை, முள் எடுத்துத் தரத்தான் ஆள் வேண்டும். கழுவிய வாசனை விரலை விட்டுப் போகாது. எலுமிச்சை தேய்த்தாலும் போகாது. பயறும் சோறும் பிசைந்து வாயருகே கொண்டுபோகும்போது சாளை மணக்கிறது. இத்தனை வருடங்களில் நான் இருந்த நோன்புகளில் இதுதான் நோன்பு என்று தோன்றியது அந்த மணத்தில்தான்.

எசாயா 58-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பார். நோன்பு இருந்தோமே, ஏன் கண்டுகொள்ளவில்லை என்று மக்கள் கடவுளிடம் முறையிடுகிறார்கள். நோன்பு நாளிலும் உங்கள் வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்களே என்று பதில் வருகிறது. பசித்தவனோடு உணவைப் பகிர்வதையும் வீடற்றவனை உள்ளே அழைப்பதையும்தான் அவர் நோன்பு என்கிறார். மீன்கார அம்மாள் அந்த அதிகாரத்தை வாசித்திருக்கிறாரோ இல்லையோ, எனக்கு அதை விளக்கிச் சொன்னவர் அவர்தான்.

நோட்டு

இருபது ரூபாய்க்குள் கிடைக்கும் 40 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கு. இடது பக்கத்தில் அன்று விட்டதை எழுது. வலது பக்கத்தில் அது எங்கே போனது என்று எழுது. "சாளை, அரைக் கிலோ" என்று இடதில்; "தெற்குத் தெரு" என்று வலதில். பெயர் எழுதாதே, யாராவது எடுத்துப் பார்த்துவிடுவார்கள்.

நீ பெங்களூரில் மீன்கூடைக்கு எங்கே போவாய்? வெள்ளிக்கிழமை வெளியில் சாப்பிடுவதை விடலாம். இடதில் "ஓட்டல், 250" என்று வரும். அந்த 250 வலது பக்கம் போகவேண்டும், அதே வாரத்தில். மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்கலாம் என்று வைத்தால் அது உன் சம்பளக் கணக்கில் கரைந்துவிடும். உங்கள் தளத்தில் குப்பை எடுக்க வரும் பெண்ணின் பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறது என்று உனக்குத் தெரியுமா? அங்கிருந்து தொடங்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் போனைப் பார்ப்பதில்லை என்று வைத்தாலும் அதே முறைதான்: இடதில் "ஒரு மணி நேரம்"; வலதில் அந்த ஒரு மணி நேரம் யாருக்குப் போனது. உன் அம்மாவுக்குப் போகலாம். அவள் என்னிடம் புலம்புவது குறையும்.

வலது பக்கம் பல நாள் காலியாகவே கிடக்கும். என் நோட்டில் போன வருடம் 11 நாள் காலி. காலியாக இருப்பதைப் பார்ப்பதற்குத்தான் நோட்டு.

இந்தப் பழக்கம் எனக்கு என் அம்மாவிடமிருந்து வந்தது, அவர் நோட்டு வைத்திருக்கவில்லை. எழுதத் தெரியாது. தவக்காலம் தொடங்கினால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மண்பானை வந்துவிடும். காலையில் சோற்றுக்கு அரிசி அளந்து முறத்தில் கொட்டுவார். கல் பொறுக்கி முடித்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து என் கையில் வைப்பார். என் கைக்கு அது கொள்ளாது, விரலிடுக்கில் சிந்தும். பானையில் போடவேண்டும். கடல் அடித்துப் பத்து நாள் அப்பா வள்ளம் இறக்காத தவக்காலமும் உண்டு. அப்போதும் பிடி அரிசி பிடி அரிசிதான், அளந்த நாழி மட்டும் குறைந்திருந்தது. நாங்கள் அன்று கஞ்சி குடித்தோம்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின இரவு அந்தப் பானை அரிசியைத் துணியில் முடிந்து, புருஷன் கடலில் போய்த் திரும்பாத ஒரு பாட்டி வீட்டுக்கு என்னை அனுப்புவார். விளக்கு வைத்த பிறகு, பின்வாசல் வழியாக. "திண்ணையில் வைத்துவிட்டுக் கூப்பிடு. கதவு திறக்கும்வரை நிற்காதே, வந்துவிடு." ஏன் நிற்கக்கூடாது என்று எனக்குப் புரியாது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒளிந்து நின்று பார்ப்பேன். பாட்டி கதவைத் திறந்து, யாரையும் காணாமல், முடிச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். மறுநாள் கோயிலில் எங்களைப் பார்த்து எப்போதும் போலச் சிரிப்பார். நன்றி சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லாமல் போனதை, வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியவேண்டாம் என்ற மத்தேயு ஆறாம் அதிகாரத்தை வகுப்பில் நடத்திய அன்றுதான் புரிந்துகொண்டேன். அப்போது எனக்கு முப்பது வயது கடந்திருந்தது.

சாம்பல்

திருநீற்றுப் புதனை என் பாட்டி விபூதிப் புதன் என்பார். அதற்கு முந்தைய ஞாயிறு, போன வருடக் குருத்தோலைகளைப் பையன்கள் வீடு வீடாகச் சேகரிப்பார்கள். எங்கள் வீட்டில் அது திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். எடுக்கும்போது பல்லி முட்டை இரண்டு உதிரும். கோயில்பிள்ளை ஓலைகளை ஒரு பழைய சட்டியில் போட்டுக் கொளுத்துவார். தென்னங்குருத்து காய்ந்திருந்தால் பேப்பரைப்போல எரிந்துவிடும். ஆறியதும் பழைய வேட்டித் துணியில் சலிப்பார். ஊர் முழுவதும் ஒரு வருடம் வைத்திருந்த ஓலை, கடைசியில் இரண்டு கைப்பிடி தேறும். ஓசன்னா பாடி உயர்த்திப் பிடித்த ஓலைதான் இப்போது நெற்றியில். முடிந்தால் ஒரு முறை அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்.

அன்றைய நற்செய்தி, நோன்பு இருக்கும்போது முகத்தைக் கழுவு, தலைக்கு எண்ணெய் வை, நோன்பிருப்பதை யாருக்கும் காட்டாதே என்கிறது. அதை வாசித்து முடித்த கையோடு நெற்றியில் சாம்பலைப் பூசி அனுப்புகிறார்கள். அலுவலகத்துக்கு அதோடு போகலாமா, அழித்துவிடலாமா என்று நீ கேட்டாய். அழிக்கவும் வேண்டாம், பாதுகாக்கவும் வேண்டாம். வேர்த்தால் போகட்டும். சாமியார் பூசும்போது சொல்வதைத்தான் காதில் வாங்கவேண்டும். "மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்" என்பது இப்போது அதிகம் கேட்பது. மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்பது பழையது. எனக்குப் பழையதுதான் பிடிக்கும், இந்த வயதில் அது பயமுறுத்தலாகக்கூடப் படுவதில்லை.

புனித அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4. காவி உடுத்து, புலால் விலக்கி, பண்டாரச் சாமியாக மறவ நாட்டில் அலைந்த போர்த்துகீசியர் அவர். அந்த நாள் ஒரு திருநீற்றுப் புதன். திருநீற்றுப் புதன் வரக்கூடிய நாட்களிலேயே மிக முந்தியது பிப்ரவரி 4-தான், அதற்கு முன்னால் வரவே வராது. அவர் இரத்தத்தால் சிவந்தது என்று சொல்லப்படும் ஓரியூரின் செம்மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தேதி நினைவுக்கு வரும்.

திருநீற்றுப் புதன் அன்று என் சாப்பாடு எப்படி என்றால், காலையில் சர்க்கரையில்லாத சாயாவும் இரண்டு ரொட்டியும், மதியம் கஞ்சியும் சிறுபயறும், இரவு ஒரு துண்டு மரச்சீனிக் கிழங்கு. 2025-இல் திருநீற்றுப் புதன் மார்ச் 5. ரமலான் மூன்று நாள் முன்னதாகவே தொடங்கியிருந்தது. என்னோடு வேலை பார்த்த ஒரு இஸ்லாமியத் தோழி மாலையில் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். விடியலுக்கு முன்னாலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூட இல்லாமல் இருந்தவள், நான் ஒருசந்தி என்று பெருமையாகச் சொன்னதைக் கேட்டு, "மதியம் சாப்பிட்டாயா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்படியானால் சரி" என்று சிரித்தாள். கஞ்சியில் ஆட்டுக்கறி கிடந்தது. மூடி வைத்து மறுநாள் காலை சூடுபண்ணிக் குடித்தேன்.

வெள்ளி மாலை

இயேசு சிலுவை சுமந்த வழியை நிலை நிலையாக நினைத்துச் செபிக்கும் சிலுவைப்பாதை 14 நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டு எழ முடிந்தால் நல்லது. முட்டி வலிக்கிறவர்கள் நின்றே செய்யலாம். தரையில் உட்கார்ந்து பதினாலாம் நிலை எப்போது வரும் என்று எண்ணுகிறவர்களும் உண்டு, நான் பிள்ளையாக இருந்தபோது அப்படித்தான். "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்ற பழைய மன்றாட்டு எங்கள் கோயிலில் இன்னும் மாறவில்லை. புனித என்பதற்குப் பழைய சொல்லான அர்ச்சிஷ்ட என்ற சொல்லை உச்சரிக்க முடியாமல் பிள்ளைகள் விழிப்பதும் மாறவில்லை.

ஒரு யோசனை: 14-இலும் ஒரே அளவு உருக முயலாதே. வருடத்துக்கு ஒரு நிலையைத் தேர்ந்துகொண்டு அதில் மட்டும் நில். மூன்று முறை விழுவதும், தாயைச் சந்திப்பதும், வெரோணிக்கா முகம் துடைப்பதும் நற்செய்தி நூல்களில் இல்லை; பக்தியில் வளர்ந்தவை. ஐந்தாம் நிலை நற்செய்தியில் இருக்கிறது. சீரேனே ஊர்ச் சீமோன் வயலிலிருந்து வந்துகொண்டிருந்தான், பிடித்து இழுத்துச் சிலுவையைத் தோளில் வைத்தார்கள். அவன் விரும்பித் தூக்கவில்லை. என் மாமியார் ஆறு வருடம் படுக்கையில் இருந்தார். நானும் விரும்பித் தூக்கியவள் இல்லை. மற்ற மருமகள்கள் வெளியூரில் இருந்தார்கள், நான் பிடிபட்டேன். பாதிநாள் முணுமுணுப்போடுதான் துணி மாற்றினேன். சீமோன் வழியில் என்ன முணுமுணுத்தான் என்று நற்செய்தியில் எழுதவில்லை. பதினைந்து வருடமாக ஐந்தாம் நிலையில்தான் நிற்கிறேன், வருடத்துக்கு ஒன்று என்ற என் விதியை நானே மீறிக்கொண்டு.

பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின பரிசுத்த வாரம் வரை காத்திருக்காதே. அப்போது கோயிலைச் சுற்றி வரிசை நிற்கும், சாமியாருக்கும் களைப்பு, உனக்கும் அவசரம். மூன்றாவது வாரம் போய்விடு. உன் பாவத்தை மட்டும் சொல். மேலாளரின் பாவத்தையும் பக்கத்து வீட்டுக்காரியின் பாவத்தையும் சொல்லி முடித்துவிட்டு, அதனால் கோபப்பட்டேன் என்று ஒரு வரி சேர்ப்பது பாவசங்கீர்த்தனம் ஆகாது. அப்படி நான் பல வருடம் செய்திருக்கிறேன். ஒரு முதிய குருவானவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் மதினியின் பாவங்களுக்கு அவரையே வரச்சொல், அம்மா" என்றார். எல்லையோரத் தென்னை ஒன்றின் பேரில் எனக்கும் மதினிக்கும் இரண்டு வருடம் பேச்சு இல்லை. அந்தச் சனிக்கிழமை நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டிலோடு போனேன். அவர் வாங்கி வைத்துவிட்டு, உப்பு அதிகம் என்றார். பேசத் தொடங்கிவிட்டோம். தென்னை இன்னும் அங்கேயேதான் நிற்கிறது, தேங்காய் யார் பக்கம் விழுகிறதோ அவருக்கு.

நாலாவது வாரத்தில் எல்லாம் சலிக்கும். நோட்டை எழுத மறப்பாய், விட்டதைத் தின்பாய். தின்றுவிட்டால் தின்றதை எழுதி, மறுநாள் தொடர்ந்துகொள். அதற்கு ஒரு அழுகை தேவையில்லை. நாலாவது ஞாயிறு சாமியார் ஊதாவுக்குப் பதில் ரோஜா நிற உடையில் வந்தால் பாதி தாண்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்.

பரிசுத்த வாரத்துக்கு நான் ஒன்றும் சொல்லித் தரத் தேவையில்லை, கோயிலுக்குப் போனால் போதும். ஊருக்கு வந்துவிடு, அதைத்தான் சொல்வேன். பெரிய வியாழன் இரவு பூசையில் வானவர் கீதம் என்ற புகழ்ப்பாட்டைப் பாடி முடித்ததும் மணிகள் ஊமையாகிவிடும், பெரிய சனி இரவு வரை மரத்தைத் தட்டித்தான் ஒலி. பெரிய வெள்ளி மாலை வழிபாடு முடிந்து கோயில் முற்றத்தில் கஞ்சியும் பயறும் கொடுப்பார்கள். வரிசையில் நின்று பனையோலைப் பட்டையிலோ இலைக் கிண்ணத்திலோ வாங்கி, மணலில் உட்கார்ந்து குடிக்கவேண்டும். நோட்டைக் கொண்டுவா. உன் வலது பக்கத்தை நான் பார்க்கமாட்டேன். என்னுடையதை நீயும் கேட்காதே.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாறாதே. நாற்பது நாள் மீனை விட்டிருந்தாலும் உயிர்ப்பு ஞாயிறு அன்று இங்கே மீன் கிடைக்காது. பெரிய வியாழனிலிருந்து வள்ளங்கள் மணலில் ஏற்றிக் கிடக்கும், யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். அன்றைக்குக் கோழிதான். திங்கள் இரவு சிலர் வள்ளம் இறக்குவார்கள். செவ்வாய் காலை ஏழு மணிக்கு அந்த அம்மாள் கூடையோடு வாசலுக்கு வருவார். போன வருடம் அவர் நான் கேட்பதற்கு முன்பே சாளையைக் கூறுகட்டி வைத்துவிட்டு, "இது தெற்குத் தெருவுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டார். இரண்டு கூறு வாங்கினேன்.